எட்மண்டன் வீட்டு இரண்டாவது பெண்

என் வயதுக்காரர்களே, முப்பதைக் கொஞ்சம் தாண்டியவுடனேயே "அந்தக் காலத்தில்" என்று தொடங்க எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. தொலைபேசி அட்டையின் சாம்பல் பூச்சை நாணயத்தால் சுரண்டி இலக்கம் பார்த்தவர்கள் நாங்கள். நூலகப் புத்தகத்தில் திகதி முத்திரை "டக்" என்று விழும் சத்தம் கேட்டவர்கள். அது போதும், எங்களுக்கும் கிழடு தட்டிவிட்டது.

கடந்த சில மாதங்களாக எனக்குப் பழைய நாவல் பைத்தியம். வேலைக்குப் போகும் ரயிலில் ஒரு ரஷ்யத் தடிப் புத்தகம் முடித்தேன். பிறகு ஒரு பிரெஞ்சு நாவல், பிறகு நூறு வருடப் பழைய தமிழ் நாவல் ஒன்று. ரஷ்ய நாவலில் ஆளுக்கு மூன்று பெயர், அதற்கு மேல் செல்லப் பெயர் வேறு. என் தோழி புத்தகத்தின் பின் அட்டையில் வம்சாவளி வரைந்து வைத்துப் படிக்கிறாள். எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கடன்காரப் பிரபுவை மனதுக்குள் லண்டன் வெம்பிளியில் குடிவைத்தேன். கோபக்கார விதவையைக் குரொய்டனுக்கு அனுப்பினேன். ஒருவரையும் மாற்றிப் பிடிக்கவில்லை. "இது வாசிப்பே இல்லை, அட்டூழியம்" என்கிறாள் தோழி. இருக்கலாம். ஆனால் அந்த அட்டூழியத்தை எனக்குக் கற்பித்தது அம்மா. அது நடந்தது ஒரு கோடை விடுமுறையில், எனக்குப் பன்னிரண்டு வயதில்.

ஜெர்மனியிலிருந்து லண்டன் டூட்டிங்குக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா வீட்டின் முன் அறையில் சேலைக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்தார். அந்த அறையின் மணம் இப்போதும் எனக்கு மூக்கில் ஏறும்: ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி பட்டு எழும் ஆவி, மெஷின் எண்ணெய், ஜன்னலுக்கு வெளியே பஸ் புகை, அதற்குள் யாரோ அன்ரி பூசி வந்த மல்லிகை சென்ட். கம்பளம் முழுக்க நூல் துண்டுகள். வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலில் ஒரு வானவில் ஒட்டிக்கொண்டு வரும்.

நூலகத்திலிருந்து அந்தப் பழுப்பு அட்டை நாவலை நான் எடுத்ததற்கு ஒரே காரணம், "அது உங்களுக்கு இப்போது விளங்காது" என்று பள்ளியில் ஆங்கில ஆசிரியை சொன்னதுதான். வேறு என்ன வேண்டும்? மெஷினுக்குப் பக்கத்தில் துணிக் குவியலில் சாய்ந்து இரண்டு நாள் படித்தேன். மூன்றாம் நாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி, தனிய இருந்து சிரிக்கிறாய், தனிய இருந்து மூக்கை உறிஞ்சுறாய். வாய்விட்டுச் சொல்லன், நானும் கேட்கிறன்."

சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்திலேயே தடுத்தார்.

"உந்தப் பேரெல்லாம் என்ர வாயில நுழையாது. ஆர், எந்த இடம், எத்தினையாம் பிள்ளை? அதைச் சொல்லு."

கதை நடக்கும் இடம் இங்கிலாந்தின் வடக்கே, குளிர்ந்த மேட்டு நிலம். "வடக்கெண்டா எட்மண்டனோ?" என்றார் அம்மா. அவர் லண்டனில் போயிருந்த ஆக வடக்கு இடம் அதுதான். சரி, எட்மண்டன். அங்கே ஒரு வீடு, மூன்று பெண்பிள்ளைகள், நோயாளித் தகப்பன். ரயில் பாதை போடுவதற்காக நிலம் அளக்க ஓர் இளைஞன் வருகிறான். அவனுக்கு மேல் அறையை வாடகைக்கு விடுகிறார்கள்.

"எங்கட சனம் மாதிரித்தான்," என்றார் அம்மா திருப்தியோடு. அந்த நாட்களில் எங்கள் ஆட்களின் வீடுகளில் மேல் அறையில் வாடகைக்கு ஆள் இல்லாத வீடு எது?

இரண்டாவது மகளுக்கும் அந்த ரயில்காரனுக்கும் இடையில் யாருக்கும் தெரியாத ஒரு வாக்கு. மூத்தவளுக்கு மட்டும் தெரியும். அவனிடம் ஒரு நொண்டி நாய் இருக்கிறது, எங்கே போனாலும் பின்னால் வரும். வேலை முடிந்து வேறு ஊருக்குப் போனவன் அங்கே கட்டிய பாலம் இடிந்து விழுகிறது. அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. நாய் மட்டும் திரும்பி வருகிறது. அந்த நேரத்தில், மனைவியை இழந்த மில் முதலாளி ஒருவர் இரண்டாவதைப் பெண் கேட்டு வருகிறார். அவரிடம் உண்மையைச் சொல்வதா, விடுவதா?

அம்மா கதை கேட்பதே ஒரு வேடிக்கை. தைக்கும்போது உதடுகளுக்கு இடையில் குண்டூசிகள் இருக்கும். "ம்", "ம்ம்", "ம்ஹூம்" மட்டும்தான் வரும். கதை நல்ல இடத்துக்கு வந்துவிட்டால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைப்பார். நாய் தனியாகத் திரும்பி வந்த அன்று அத்தனை ஊசியையும் எடுத்து வைத்துவிட்டு, யாரோ ஒருவருடைய கல்யாண பிளவுஸின் கைத்துணியால் கண்ணைத் துடைத்தார்.

இப்போது அந்த நாவலைத் திரும்பப் படித்தேன். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். அந்த வயதில் நான் அம்மாவுக்குச் சொல்லாமல் தாண்டிப் போன பக்கங்கள் எத்தனை! பன்னிரண்டு பக்கத்துக்கு மூடுபனி. மூடுபனிக்குள் ஒரு கிழவன் வேலி கட்டுகிறான். சம்பவம் ஒன்றும் இல்லை என்று அப்போது புரட்டிவிட்டேன். புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று, அம்மாவின் விமர்சனங்களில் பாதி இன்றைக்கும் நிற்கும். "அந்த மூத்தவள் நல்லவள் இல்லை. இரகசியத்தைக் காப்பாத்துறவள் மாதிரி வச்சு விளையாடுறாள்" என்றார். பெரிய படிப்பாளிகள் எழுதிய முன்னுரையில்கூட நான் அதைக் காணவில்லை.

கதைக்கு இன்னொரு ரசிகரும் இருந்தார். அது அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவின் தம்பி, என் மாமா, பக்கத்துச் சின்ன அறையில் இருந்தார். பெற்றோல் செட்டில், அதோடு சேர்ந்த கடையில், இரவு ஷிப்ட். பகலில் தடித்த திரைச்சீலை போட்டுப் படுப்பார். கதையில் முக்கியமான கட்டம் வரும்போது சுவரில் "டம் டம்" என்று தட்டுவார். நித்திரை குழம்புகிறது என்று பயந்து நான் குரலைத் தாழ்த்துவேன். மறுபடி தட்டுவார். ஒரு நாள் கலைந்த தலையோடு கதவைத் திறந்து, "நாய் செத்துப்போச்சோ?" என்று கேட்டார். "இல்லை மாமா, திரும்பி வந்திட்டுது" என்றேன். "அதைச் சத்தமாச் சொன்னா என்ன?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்த மாமாவுக்குத்தான் அந்தக் கோடையில் கல்யாணம் பேசி வந்தது. வயது முப்பத்தைந்து. அதற்கு முன் இரண்டு இடம் சரிவராமல் போய், "இனி எனக்குப் பாக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்த மனிதர். வந்த இடம் எட்மண்டன். மூன்று பெண்பிள்ளைகள். கேட்டது இரண்டாவது பெண்ணை.

"அம்மா! அவவும் ரெண்டாவது!" என்று நான் துள்ளினேன்.

"வாயை மூடு. முடியும் வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது."

எங்கள் வழக்கப்படி இரு வீட்டாரும் லூயிஷாம் கோவிலில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டார்கள். தற்செயலுக்கு முன் ஒரு வாரம் போனில் நேரம் குறித்தார்கள். செருப்பு வைக்கும் இடத்தில் அந்த இரண்டாவது பெண்ணும் மாமாவும் இரண்டு நிமிடம் கதைத்தார்கள். நான் என் செருப்பைத் தேடுவதுபோல் பக்கத்திலேயே நின்றேன்.

"ராவில தனியத்தானே நிப்பீங்கள்? என்ன செய்வீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"கடையில விக்கிற பத்திரிகை எல்லாம் வாசிப்பன். மடிப்புக் கலையாமல்."

"குதிரை வளர்க்கிற பத்திரிகையுமோ?"

"ஓம். இப்ப எனக்கு ஒரு குதிரை தந்தாச் சமாளிப்பன்."

அவள் கோவில் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் முழுக்க மாமா குளியலறையில் விசிலடித்தார். அவளுடைய படம் பஸ் பாஸுக்குப் பின்னால் இருந்தது. பஸ் சாரதிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. மீதி இருந்தது விசாரணை. பெண்ணைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்காமல் எங்கள் ஆட்கள் கல்யாணம் செய்வதில்லை, உங்களுக்குத் தெரியும். அம்மா, லூயிஷாமில் இருக்கும் ஒரு அன்ரியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். லண்டனில் எந்த வீட்டில் யாருக்குப் பல்வலி என்று கேட்டாலும் அந்த அன்ரியிடம் பதில் இருக்கும்.

இதற்கிடையில் எங்கள் முன் அறையில் வேலை வழக்கம்போல் நடந்தது. பக்கத்து ஊரான மிச்சமில் இருந்து ஒரு அன்ரி பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்தார். கையை விரித்து, அக்குளில் ஊசி குத்திய நிலையில் அசைய முடியாமல் நின்றார். முதல் நாள் விட்ட இடத்திலிருந்து அம்மாவுக்குக் கதை வேண்டும்.

"அப்ப அந்த எட்மண்டன் வீட்டு ரெண்டாவது இன்னும் ரெயில்காரனை நினைச்சுக்கொண்டுதான் இருக்கிறாளோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா. பெண் கேட்டு வந்த ஆளுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. மூத்தவளுக்கு மட்டும்தான் தெரியும்."

"பாவம். தகப்பன் படுத்த படுக்கை வேற."

மிச்சம் அன்ரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி குத்திவிடும் என்று பயந்து நிற்கிறார் என நினைத்தேன். அந்தக் காதுகள் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தன என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வாரத்தில் லூயிஷாம் அன்ரி போன் எடுத்தார். அம்மா "ஓம்… ஓம்… ஐயோ… ஓம்" என்று கேட்டுக்கொண்டு நின்றார். முகம் துவைத்த துணிபோல் சுருங்கியது. போனை வைத்துவிட்டு, நித்திரையில் இருந்த மாமாவை எழுப்பினார்.

"தம்பி, இது சரிவராது. அந்தப் பிள்ளைக்கு ஒரு தொடர்பு இருக்காம். ட்யூப் ரெயில் ஓட்டுற ஒரு வெள்ளைக்காரன். அவையின்ர மேல் அறையில வாடகைக்கு இருந்தவனாம். தமக்கைக்கு மட்டும்தான் தெரியுமாம். அவன் இப்ப எங்கேயெண்டே தெரியாதாம், ஏதோ பாலம் விழுந்ததில போய்ச் சேர்ந்திட்டான் எண்டும் கதையாம்."

"ஆர் சொன்னது?"

"ஆரெண்டு அவ சொல்லமாட்டாவாம். நல்ல நம்பிக்கையான இடமாம்."

யோசித்துப் பாருங்கள். எங்கள் முன் அறையிலிருந்து புறப்பட்ட கதை, மிச்சம் போய், லூயிஷாம் போய், வழியில் உடுப்பு மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவையே தட்டுகிறது. நிலம் அளந்தவன் ட்யூப் ஓட்டுகிறான். நாயை யாரோ இடையில் தொலைத்துவிட்டார்கள். தினமும் மத்தியானம் அந்தப் பெண்ணுக்காக மூக்கைச் சிந்தும் அம்மாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை! எனக்கும்தான் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் விசில் நின்றுவிட்டது என்பது மட்டும்.

"குறிப்புப் பொருந்தேல்லை எண்டு சொல்லிவிடுவம்," என்றார் அம்மா. "அதுதான் மரியாதை."

"போன கிழமை பொருந்திட்டுதெண்டு நீங்கள்தானே அவைக்குச் சொன்னனீங்கள்?"

"திரும்பப் பாத்தனாங்கள் எண்டு சொல்லுறது."

மாமா கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து காலுறையின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அக்கா, இருந்தா இருக்கட்டுமன்."

"என்னது?"

"அவவுக்கு முந்தி ஒருத்தனைப் பிடிச்சிருந்தா இருக்கட்டும். எனக்கு அவவைப் பிடிச்சிருக்கு."

"உனக்கு நித்திரை காணாது. போய்ப் படு," என்றார் அம்மா.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா நூல் வாங்கக் கடைக்குப் போன நேரம், மாமா யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். மாப்பிள்ளை, பேசி முடியாத பெண்ணுக்குத் தானே போன் எடுப்பதா! வீட்டுக்குள் நடையில் சுருள் வயரை இழுத்துக்கொண்டு நின்றார். நான் படிக்கட்டில் இருந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. துணைக்கு ஆள் வேண்டியிருந்தது போலும். அவளுடைய பக்கத்தைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள்.

"நான் ஒரு விசயம் கேள்விப்பட்டனான்," என்றார் மாமா. "அதைக் குறை சொல்ல எடுக்கேல்லை. உங்களுக்கு அவரில இன்னும் விருப்பமெண்டா நேர சொல்லுங்கோ. நான் இங்க ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன், உங்களில பழி வராது. விருப்பம் இல்லையெண்டா, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

"ஆரில விருப்பம்?"

"ட்யூப் ஓட்டுறவர். உங்கட மேல் அறையில இருந்தவர்."

"எங்கட மேல் அறையில அப்பான்ர பழைய சூட்கேசும் உடைஞ்ச ஹூவர் மெஷினும்தான் இருக்கு. ரெண்டிலயும் எனக்கு விருப்பமில்லை. வேற என்ன சொன்னவை?"

"அக்காவுக்கு மட்டும்தான் தெரியுமாம். பாலம் ஒண்டு விழுந்ததாம்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார்.

"இஞ்ச பாருங்கோ," என்றாள் அவள் மெல்ல. "அந்த ட்யூப் ஓட்டுறவரிட்ட ஒரு நொண்டி நாய் இருந்ததோ?"

"நாயைப் பற்றி ஒருத்தரும்…" என்று தொடங்கியவர் நின்றார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "நொண்டி நாயோ?"

"ஓம். பாலம் விழுந்த பிறகு தனியத் திரும்பி வரும். உங்கட ஆக்கள் விசாரிச்சது என்னையில்லை, ஒரு நாவலை!"

மாமா சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் சிரிப்பாகத்தான் முடிந்தது. அம்மா நூல் பையோடு கதவைத் திறந்தபோது மாமா போனில், "அப்ப மில் முதலாளியையோ கட்டுறவள்? சொல்லுங்கோ, சொல்லுங்கோ, இவள் இன்னும் அங்க வரேல்லை" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விசயம் கேட்ட அம்மா முதலில் நம்பவில்லை. லூயிஷாம் அன்ரிக்குப் போன் எடுத்து, எங்கே கேட்டது என்று பிடியாய்ப் பிடித்தார். அன்ரி இழுத்து இழுத்துச் சொன்னார்: மிச்சம்காரி கேட்டு வந்ததாம், டூட்டிங்கில் யாரோ பிளவுஸ் தைக்கிற வீட்டில். அம்மா போனை வைத்தார்.

"டூட்டிங்கில வேற ஆரும் தைக்கினமோ?" என்று என்னிடம் கேட்டார், ஒரு நப்பாசையில்.

பழைய நாவல்களைப் பற்றி இப்போது நான் நினைப்பது இதுதான்: அவற்றில் பாதி எங்கள் விசாரணைகள். யார் யாரைப் பார்த்தார், யாருக்குத் தெரியும், சொல்வதா விடுவதா. அந்த எழுத்தாளர்கள் குதிரை வண்டியில் அனுப்பிய கதைகளை எங்கள் அன்ரிமார் போனில் அனுப்பினார்கள். வித்தியாசம் ஒன்றுதான். புத்தகத்தில் என்றால் நாங்கள் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று அழுவோம். அம்மா மட்டும் அல்ல, நானும்தான். வேலையிடத்தில் யாரையாவது பற்றி ஒரு கதை வந்தால், அன்று ரயிலில் எந்தக் கதாநாயகிக்காக மனம் உருகினேன் என்பது எனக்கு நினைவுக்கு வருவதே இல்லை.

கல்யாணம் பேசி முடித்தார்கள். ஒரு சனிக்கிழமை அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள், கல்யாண பிளவுஸுக்கு அளவு கொடுக்க. அம்மா வீட்டைத் துடைத்த துடைப்பில் என் நூலகப் புத்தகமே காணாமல் போயிருந்தது. அவள் நூல் துண்டுகளுக்கு நடுவே வந்து நின்று, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"உமக்கு எப்பிடி அந்தக் கதை உடன பிடிபட்டது?" என்று அம்மா கேட்டார், பேச்சைத் தொடங்க.

"யூனிவர்சிட்டியில அதைத்தானே படிச்சனான். இங்கிலிஷ் இலக்கியம்."

"இலக்கியமோ?" அம்மாவின் கை நின்றது. "எக்கவுண்ட்ஸ் எண்டல்லோ உங்கட அம்மா சொன்னவ!"

"அம்மா டிகிரி எண்டுதான் சொன்னவ. எக்கவுண்ட்ஸ் எண்டு நீங்களா நினைச்சது. எங்கட வீட்டு உண்மையான இரகசியம் அதுதான். அதை ஒருத்தரும் விசாரிக்கேல்லை."

சின்ன அறையிலிருந்து மாமா சிரித்தார். அம்மாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, நாங்கள் விசாரிச்சது பிழையாப் போச்சு. மனசில வைக்காதையும்."

"அதை விடுங்கோ. ஒண்டு கேட்கட்டே? அது உண்மையா நானா இருந்திருந்தா?"

அம்மா பொய் சொல்லக் கூடியவர்தான், ஆனால் உடனே தயாரிக்க வராது.

"உமக்காக நான் நல்லா அழுதிருப்பன்," என்றார் கடைசியில். "ஆனா என்ர தம்பிக்கு உம்மைக் கட்டி வச்சிருக்க மாட்டன்."

பக்கத்து அறையில் சிரிப்பு நின்றது. அவள் அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"உங்கட தம்பி கட்டியிருப்பார்," என்றாள்.

"ஓம்," என்றார் அம்மா. "அவன் என்னை விட நல்லவன்."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது. "சரி மச்சாள். உண்மை சொல்லுற ஒரு ஆளும் வீட்டில வேணும்தானே."

முறை வைத்து மச்சாள் என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலில் சுற்றிய நாடாவை அவிழ்த்தபடி சொன்னார்:

"கையைத் தூக்கும், பிள்ளை. தோளில இருந்து தொடங்குவம்."